கடைசியில் கூப்பிடப்படும் பொறியாளர்

கேரளம் என்றதும் மழையும் பச்சையும் நினைவுக்கு வருகிறவர்கள், பொள்ளாச்சியிலிருந்து மேற்கே போய் எல்லையைத் தாண்டி, ஒரு ஏப்ரல் மதியம் பெருமாட்டியில் இறங்கிப் பார்க்க வேண்டும். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூர் தாலுகாவில் உள்ள ஊராட்சி இது. தோப்புகளில் தென்னை, வரப்போரம் பனை, பேச்சில் பாதி தமிழ், பாதி மலையாளம். தென்மேற்குப் பருவமழை கடற்கரையையும் மேற்கு மலையடிவாரத்தையும் நனைத்து முடித்து இங்கே வந்து சேர்வதற்குள் அதன் கை ஓய்ந்துவிடுகிறது. வெயிலுக்கு அப்படி ஓய்ச்சல் கிடையாது. 2016 ஏப்ரலில் பாலக்காட்டில் பதிவான வெப்பம் 41.9 டிகிரி. 2024 ஏப்ரல் இறுதியில் இந்த மாவட்டத்துக்கு வெப்ப அலை எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. வெப்ப அலை வடநாட்டுச் சங்கதி என்று கேரளத்தார் நினைத்திருந்த காலம் அத்தோடு போயிற்று.

வெயிலோடு சேர்ந்து இந்த ஊருக்கு இன்னொன்றும் வாய்த்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கே நீலகிரியோடு நின்று, தெற்கே ஆனைமலையில் மறுபடி எழுகிறது. நடுவே முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லை. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து ஈரக்காற்று இதன் வழியே பாய்கிறது. மார்கழி, தை மாதங்களில் அதே வழியில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று திரும்பி வருகிறது. உள்ளூரில் அதைக் கிழக்கன் காற்று என்பார்கள். கேரள மின்வாரியம் 1990களில் கஞ்சிக்கோட்டில் 2.025 மெகாவாட் காற்றாலைகளை நிறுவியதே இந்தக் காற்றை நம்பித்தான்.

இப்படிக் காற்று ஓடுகிற ஊரில் இன்று எழும்பும் வீடுகளைப் பாருங்கள். தட்டையான கான்கிரீட் கூரை, தள்ளித் திறக்கும் கண்ணாடிச் சன்னல், முகப்புக்கு மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடி, படுக்கையறைக்கு ஒரு ஸ்ப்ளிட் ஏசி. கோவை, திருப்பூர், பாலக்காடு, எங்கே போனாலும் இதே வீடுதான். 2024 மே மாதம் இதன் விளைவு மின்வாரியத்தின் மீட்டரில் தெரிந்தது. இரவு நேர மின்தேவை எகிறி, பாலக்காட்டு வட்டாரத்தில் பெரிய தொழிற்சாலைகள் இரவில் மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று வாரியம் கட்டுப்பாடு விதித்தது. வெயில் அடிப்பது மதியம். நெருக்கடி வருவது மட்டும் ஏன் இரவில்?

கூரைதான் காரணம். கான்கிரீட் பலகை பகல் முழுக்க வெப்பத்தை வாங்கித் தனக்குள் வைத்துக்கொள்கிறது. மேல்பக்கத்து வெப்பம் அடிப்பக்கத்துக்கு வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கும். வெளியே சூரியன் இறங்கிய பிறகு, வீட்டுக்குள் கூரை சுட ஆரம்பிக்கிறது. சாப்பிட்டுப் படுக்கப் போகும் நேரத்துக்குத் தலைக்கு மேலே ஒரு வெதுவெதுப்பான பலகை தொங்குகிறது. காற்றின் வெப்பநிலை 30 டிகிரிதான் என்றாலும், 38 டிகிரியில் இருக்கும் கூரை தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக உடல்மேல் பாய்ச்சும்போது தூக்கம் வராது. ஏசியைப் போடுகிறோம். ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் போடுகிறது. அந்த நேரத்தில் சூரிய மின்சாரமும் இல்லை.

இந்தக் கணக்கைப் போடுவதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. கட்டடங்களுக்கான மெக்கானிக்கல் இன்ஜினியர் என்று சொன்னால், ‘மெக்கானிக்கல் இன்ஜினியருக்குக் கட்டடத்தில் என்ன வேலை?’ என்று கேட்பவர்கள்தான் நம்மூரில் அதிகம். மோட்டார், பாய்லர், லேத் இவைதான் அவருடைய உலகம் என்று நினைப்பு. உண்மையில் ஒரு கட்டடத்துக்குள் வெப்பம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது, காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது, ஈரம் எங்கே தங்குகிறது என்பதெல்லாம் வெப்ப இயக்கவியலும் பாய்ம இயக்கவியலும்தான். அது அவருடைய பாடம்.

இந்தத் தொழிலின் பிறப்புக் கதை மனிதர்களின் சுகத்தில் தொடங்கவில்லை. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு வண்ண அச்சகம். மழை ஈரத்தில் காகிதம் விரியும், வெயிலில் சுருங்கும். ஒரு வண்ணத்தின் மேல் இன்னொரு வண்ணம் சரியாக உட்காராது. வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றை ஓட்டி, அதிலிருந்த ஈரத்தைப் பிழிந்து, காகிதத்துக்கு ஏற்ற ஈரப்பதத்தைக் கொண்டுவந்தார். இன்றைய ஏசியின் தொடக்கம் அது. கோயம்புத்தூர் நூற்பாலைகளில் நடப்பதும் இந்த வகைதான்: நூல் அறாமல் இருக்கக் காற்றுக்கு ஈரம் ஊட்டுகிறார்கள். பெருமாட்டியிலிருந்து மில்லுக்குப் போய்வந்த பலர் இந்தப் பொறியியலை உடம்பிலேயே அறிந்தவர்கள். காகிதத்துக்கும் நூலுக்கும் என்ன தேவை என்று யோசித்துச் செய்த வேலையை, மனிதர்கள் தூங்கும் அறைக்கு வரும்போது யாரும் யோசித்துச் செய்வதில்லை என்பதுதான் விசித்திரம்.

நடைமுறை இப்படி இருக்கிறது. வீட்டுக்காரர் எலிவேஷன் படம் பார்த்து மயங்குகிறார். சிவில் இன்ஜினியர் வரைகிறார். கொத்தனார் கட்டுகிறார். பூச்சு முடிந்து, வண்ணமும் அடித்த பிறகு ஏசிக்காரர் வருகிறார். ‘எத்தனை சதுர அடி?’ என்று ஒரு கேள்வி. நூற்றைம்பது சதுர அடிக்கு ஒரு டன் என்று மனக்கணக்கு. முடிந்தது. பெரிய அலுவலகக் கட்டடங்களிலும் கதை ரொம்ப வேறு இல்லை. ஏசிக்காரருக்குப் பதில் ஒரு ஆலோசகர் வருவார், அவ்வளவுதான். முகப்பு, திசை, கண்ணாடி எல்லாம் முடிவான பின்பே அவரைக் கூப்பிடுவார்கள். அப்போது அவர் செய்யக்கூடியது ஒன்றே: கட்டடம் செய்த தவறுகளை எல்லாம் சமாளிக்கும் அளவுக்குப் பெரிய எந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது.

டன் என்பது பழைய ஐஸ் வியாபாரக் கணக்கு. ஒரு டன் ஐஸ் இருபத்துநாலு மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுதான் ஒரு டன் குளிர்விப்பு. இன்றைய அளவில் 3.5 கிலோவாட். இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஆயிரம் சதுர அடிக் கான்கிரீட் கூரை, மேலே எந்தக் காப்பும் இல்லை. ஏப்ரல் வெயிலில், உள்ளே 26 டிகிரி வைக்க வேண்டுமென்றால், உச்ச நேரத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 90 வாட் வெப்பம் கூரை வழியே இறங்கும். மொத்தம் எட்டு கிலோவாட்டுக்கு மேல். கூரைக்கு மட்டும் இரண்டேகால் டன்னைத் தாண்டுகிறது. அதே கூரையில் ஐந்து சென்டிமீட்டர் வெப்பக்காப்புப் பலகை போட்டு, மேலே வெள்ளை ஓடு பதித்தால், வருவது பத்துப் பன்னிரண்டு வாட். மொத்தமாக ஒரு கிலோவாட். ஒரு டன்னில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இனி அந்த மேற்குக் கண்ணாடி. மாலை வெயில் நேரே விழும் சாதாரணக் கண்ணாடி, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 500 வாட்டை உள்ளே விடும். ஏழு சதுர மீட்டர் கண்ணாடி என்றால் ஒரு டன் போயிற்று. முகப்பு அழகுக்காக ஒரு ஏசியை வாங்கி, அந்த முகப்பைக் குளிர்விக்கவே ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

பழைய பாலக்காட்டு வீடுகள் இதை வேறு விதமாகச் சமாளித்தன. ஓட்டுக்கூரைக்கு அடியில் மரப்பலகை மச்சு. இரண்டுக்கும் நடுவே காற்று உலவும் இடைவெளி. கல்பாத்தி அக்ரகாரத்து வீடுகளின் தடித்த சுவர்கள், தமிழ்நாட்டின் மெட்ராஸ் டெரஸ் கூரை, லாரி பேக்கர் கேரளமெங்கும் பரப்பிய எலிப்பொறிக் கட்டு எல்லாம் இந்த வரிசையில் வருபவை. எலிப்பொறிக் கட்டில் செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தி நடுவே பொந்து விடுவார்கள். செங்கல்லும் கால் பங்கு மிச்சம், வெப்பமும் குறைவு. ஆனால் ‘அந்தக் காலத்து வீடே சொர்க்கம்’ என்று பாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மச்சும் முற்றமும் இருந்தவர்கள் எத்தனை பேர்? பெருமாட்டியில் பெரும்பாலானோர் குடிசையிலும், பிறகு ஷீட் கூரையின் கீழும் இருந்தவர்கள். நடு வெயிலில் தகரம் அறுபது டிகிரியைத் தாண்டும். அவர்களுக்குக் கான்கிரீட் கூரை பெரிய விடுதலை. அதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரக் கூடாது. அதன் மேல் ஒரு காப்புப் பலகையும் வெள்ளைப் பூச்சும் போடச் சொல்லலாம்.

பெருமாட்டியில் ஒரு பொறியாளர் முதலிலேயே கூப்பிடப்பட்டால் அவர் முன்னால் ஒரு நல்ல சிக்கல் வந்து நிற்கும். சூரியனைக் கேட்டால், வீட்டின் நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும், சன்னல்களை அங்கே வை என்று சொல்லும். தெற்கு வெயில் உயரத்தில் இருந்து வருவதால் ஒரு சாதாரண சன்ஷேடு அதைத் தடுத்துவிடும். மேற்கு வெயில் தாழ்ந்து வரும், எந்த சன்ஷேடுக்கும் அடங்காது. ஆனால் காற்றைக் கேட்டால் நேர்மாறாகச் சொல்லும். கணவாயில் காற்று மேற்குக்கும் கிழக்குக்கும்தான் ஓடுகிறது. வடக்கு, தெற்குச் சன்னல்களை அது உரசிக்கொண்டு போய்விடும்; உள்ளே வராது.

இதற்கு விடை எந்திரத்தில் இல்லை, சன்னல் கதவில் இருக்கிறது. இரட்டைக் கதவுள்ள பழைய மரச்சன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்குச் சுவரில், ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசும்போது, மேற்குப் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டுக் கிழக்குப் பக்கத்துக் கதவை மட்டும் செங்குத்தாகத் திறந்து வைத்தால், சுவரோரம் ஓடும் காற்று அந்தக் கதவில் மோதி அறைக்குள் திரும்பும். இன்னொரு சன்னலில் மேற்குக் கதவை மட்டும் திறந்தால், அதன் பின்புறம் அழுத்தம் குறைந்து உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்கும். கிழக்கன் காற்று வரும்போது கதவுகளை மாற்றிக்கொண்டால் போதும். சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி நீட்டிய சின்னத் தடுப்புச் சுவரும் இதே வேலையைச் செய்யும். இப்போது எங்கும் போடுகிற தள்ளுசன்னல் இதில் ஒன்றையும் செய்யாது. எவ்வளவு திறந்தாலும் பாதிதான் திறக்கும். காற்றைப் பிடிக்க அதற்குக் கையில்லை. கொசுவலை பொருத்துவது எளிது என்பதைத் தவிர அந்தச் சன்னலுக்கு ஆதரவாகச் சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

மேற்படிக் காற்று ஜூனுக்கும் தைக்கும். ஏப்ரல் மதியத்தில் சன்னலைத் திறந்தால் நாற்பது டிகிரிக் காற்று உள்ளே வரும். அப்போது பகலில் மூடி, இரவில் திறக்க வேண்டும். பருவத்துக்கொரு முறை கட்டடத்தை வேறு விதமாக இயக்க வேண்டும் என்பதை வீட்டுக்காரர்களுக்குப் புரியவைப்பது, கணக்குப் போடுவதைவிடக் கடினமான வேலை.

இந்த யோசனையைக் கடைசிவரை கொண்டுபோன ஒரு கட்டடம் நம் பக்கத்திலேயே உண்டு. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி. செக் நாட்டில் பிறந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது. ஜார்ஜ் நகஷிமாவும் ஃபிரான்டிசெக் ஸாமரும் கூட இருந்து உழைத்தார்கள். 1937இல் வேலை தொடங்கியது. நீளவாக்குச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. சுவர்கள் என்று சொன்னேனே தவிர, அங்கே சுவர் கிடையாது; தரையிலிருந்து கூரை வரை, கையால் திருப்பக்கூடிய கிடைமட்டப் பலகைகள். வெயிலுக்கு ஒரு சாய்வு, மழைக்கு ஒரு சாய்வு, காற்றுக்கு ஒரு சாய்வு. அறைக்கும் நடைபாதைக்கும் நடுவே உள்ள தேக்குக் கதவுகள்கூடக் காற்று புகும் பட்டிகளால் ஆனவை. கூரைக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளால் இன்னொரு கூரை. இரண்டுக்கும் இடையே காற்று. பாலக்காட்டு மச்சு கான்கிரீட்டில் மறுபிறவி எடுத்த மாதிரி. ஒரு குறையும் உண்டு. அந்தப் பலகைகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்டால் ஆனவை. அதன் நார் நுரையீரலுக்கு நஞ்சு என்பது பிற்காலத்தில்தான் பொது அறிவானது. வெப்பத்தை அவ்வளவு நுட்பமாகப் புரிந்துகொண்ட கட்டடமும் ஆரோக்கியத்தில் ஒரு பொருளில் சறுக்கியிருக்கிறது.

ஆரோக்கியம் என்று வரும்போது ஸ்ப்ளிட் ஏசியைப் பற்றிப் பேசியாக வேண்டும். வீட்டில் ஏசி வைத்திருப்பவர்களில் பலர் அது வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதாக நம்புகிறார்கள். வெளியே ஒரு பெட்டி இருப்பதால் வந்த நம்பிக்கை. இரண்டு பெட்டிகளுக்கும் இடையே ஓடுவது குளிர்வாயு மட்டும். அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் அது இரவு முழுக்கச் சுற்றவிடுகிறது. பன்னிரண்டுக்குப் பத்தடி அறை, பத்தடி உயரம். அப்பா, அம்மா, பிள்ளை என மூன்று பேர் தூங்குகிறார்கள். தூங்கும் மனிதர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கரியமில வாயுவை வெளியிடுகிறார். அறை இறுக மூடியிருந்தால், மூன்று பேர் மூச்சில் அதன் அளவு மணிக்கு ஆயிரம் பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) வீதம் ஏறும். கதவிடுக்கு வழியே கொஞ்சம் கசிவு இருந்தாலும் விடியும்போது 3,000ஐத் தாண்டியிருக்கும். வெளிக்காற்றில் அது 420 சொச்சம்தான். இந்த அளவில் யாரும் செத்துவிட மாட்டார்கள். ஆனால் காலையில் தலை பாரமாக எழுந்திருப்பதற்குப் படுக்கையையோ தலையணையையோ பழிசொல்லத் தேவையில்லை. கரியமில வாயு இங்கே ஒரு அளவுகோல்; மற்றவர் விட்ட மூச்சை எவ்வளவு நாம் இழுக்கிறோம் என்று காட்டுகிறது. காசநோயும் கோவிடும் பரவும் வழியும் அதுவே. ஓர் ஆளுக்கு நொடிக்குப் பத்து லிட்டர் புதுக்காற்று கிடைத்தால், விழித்திருந்து அலுவலக வேலை செய்பவரின் அறையிலும் இது ஆயிரத்துக்குக் கீழேயே நிற்கும்.

ஏசி பெரிதாகப் போனால் நல்லதுதானே என்றும் ஒரு எண்ணம். மழைக்காலத்தில் அதுவே கெடுதல். அளவுக்கு மீறிய ஏசி அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றில் இருக்கும் ஈரத்தைப் பிழிய அதற்கு நேரம் கிடைப்பதில்லை. அறை சில்லென்று பிசுபிசுக்கும். அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை படரும். குழந்தைக்கு இருமல் வரும். சிக்கனமும் ஆரோக்கியமும் மோதுகின்றன என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சரியான அளவு எந்திரம் என்பது மின்கட்டணத்துக்கும் நுரையீரலுக்கும் ஒரே மருந்து.

பெரிய அளவில் இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இன்ஃபோசிஸ் நிறுவனத்தார். ஹைதராபாத் வளாகத்தில் 2011இல் ஒரு கட்டடத்தை எழுப்பி, அதைச் சமமான இரு பாதிகளாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான குளிர்காற்று டக்ட். அதுவும் அரைகுறையாகச் செய்ததல்ல, நன்றாக வடிவமைத்தது. மறுபாதியில் கூரைக் கான்கிரீட்டுக்குள்ளேயே குழாய்களைப் பதித்து, குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். பாலக்காட்டு இரவில் கூரை வெப்பத்தைக் கொட்டுகிறதே, இங்கே கூரை அந்த வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஒரே கொள்ளளவுக்குக் காற்றைவிட நீர் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும் என்பதால், ராட்சத மின்விசிறிகளின் வேலையைச் சின்ன பம்புகள் செய்துவிடுகின்றன. வழக்கமான ஏற்பாட்டுக்கு, தண்ணீரைக் குளிர்விக்கும் எந்திரமான சில்லர் ஏழு டிகிரியில் தண்ணீர் தர வேண்டும். இதற்குப் பதினைந்தை ஒட்டி இருந்தால் போதும். அதனால் சில்லரும் இளைப்பாறுகிறது. புதுக்காற்று தனி வழியில் வருகிறது, ஒருவர் மூச்சு இன்னொருவருக்குத் திரும்பிப் போவதில்லை. நிறுவனத்தைச் சேர்ந்த குருபிரகாஷ் சாஸ்திரியும் அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர் பீட்டர் ரம்சியும் 2014இல் அளவீடுகளை வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் குளிர்கூரைப் பாதி 34 சதவீதம் குறைவான மின்சாரத்தைத் தின்றிருந்தது. கட்டும் செலவும் கூடவில்லை. உள்ளே இருந்தவர்களும் அந்தப் பாதியையே அதிகம் விரும்பினார்கள்.

இதைத் தூக்கிக்கொண்டுவந்து பெருமாட்டியில் வைத்துவிடலாமா? ஆடி மாதத்தில் யாராவது சன்னலைத் திறந்தால் குளிர்ந்த கூரை வியர்த்துத் தலையில் சொட்டும். இறுக மூடிய, ஈரத்தை அளந்து கட்டுப்படுத்தும் அலுவலகங்களுக்கு ஏற்ற ஏற்பாடு அது. பள்ளிக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் மின்விசிறி போதும் என்பது என் கட்சி. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தில் ராஜன் ராவலும் குழுவினரும் இந்தியக் கட்டடங்களில் ஆயிரக்கணக்கானோரைக் கேட்டு உருவாக்கிய ஒரு சூத்திரம் இருக்கிறது: இயற்கைக் காற்றில் இயங்கும் கட்டடத்தில், கடந்த மாதத்து வெளிச் சராசரி வெப்பத்தை 0.54ஆல் பெருக்கி 12.83ஐக் கூட்டினால் மக்களுக்கு இதமான உள்வெப்பநிலை கிடைக்கும். வெளிச் சராசரி 31 என்றால் விடை ஏறக்குறைய 29.6, அதற்கு மேல் இரண்டு டிகிரி போனாலும் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்வார்கள். 22 டிகிரியில் போர்வைக்குள் சுருண்டு கிடப்பது நம் உடம்பின் தேவை அல்ல, கடையில் வாங்கிய பழக்கம். மின்விசிறிக் காற்று தோலுக்கு இரண்டு மூன்று டிகிரி குறைந்த உணர்வைத் தருகிறது. பழைய விசிறிக்கு 75 வாட். பிஎல்டிசி மோட்டார் விசிறிக்கு முப்பதை ஒட்டி.

நீரை ஆவியாக்கிக் குளிர்விப்பது இன்னொரு வழி. ஏப்ரல் மதியம் 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால், நல்ல ஏர்கூலர் காற்றை 27, 28 வரை இறக்கும். ஏசியின் மின்சாரத்தில் சிறு பங்குதான் செலவு. மழைக்காலத்தில் அதே கூலர் வெறும் விசிறி. கணக்குப்படி பார்த்தால் பெருமாட்டியின் மூன்று மாதக் கோடைக்கு இது பொருத்தம். ஆனால் இந்த ஊராட்சிக்குள்தான் பிளாச்சிமடை இருக்கிறது. 2000இல் கோகோ கோலா ஆலை தொடங்கி, கிணறுகள் வற்றியும் கெட்டும் போய், 2002 ஏப்ரலில் மயிலம்மா போன்ற பழங்குடிப் பெண்கள் ஆலை வாசலில் உட்கார்ந்து, 2003இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்து, 2004 மார்ச்சில் ஆலை நின்றது. இங்கே தண்ணீரை எண்ணாமல் ஒரு வரைபடமும் வரைய முடியாது. பெரிய ஏசிகளின் கூலிங் டவரில் ஒரு டன் குளிர்விப்புக்கு மணிக்கு ஆறு லிட்டர் ஆவியாகும். உப்பு சேராமலிருக்க வடித்து விடுவதையும் சேர்த்தால் எட்டு. நூறு டன் சில்லர் பத்து மணி நேரம் ஓடினால் 8,000 லிட்டர், சின்ன டேங்கர் லாரி ஒன்று. பசுமைச் சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டும் கட்டடங்கள் இந்த வரியைச் சத்தமாக வாசிப்பதில்லை.

முதலிலேயே யோசித்தால் எந்திரம் சிறிதாகும் என்ற பாடம் எந்திரங்களின் உள்ளேயும் இருக்கிறது. குழாயில் தண்ணீர் ஓடும்போது உராய்வில் இழக்கும் அழுத்தம் விட்டத்தின் ஐந்தாம் மடிக்கு எதிர்விகிதம். விட்டத்தை இரட்டித்தால் இழப்பு முப்பத்திரண்டில் ஒன்றாகிவிடும். 1990களில் ஷாங்காயில் ஒரு தரைவிரிப்பு ஆலைக்கு வரைபடம் தயாரான பின், யான் ஸ்கில்ஹாம் என்ற டச்சுப் பொறியாளர் அதைத் திருத்தினார். சிங்கப்பூரின் லீ எங் லாக் வலியுறுத்திவந்த முறை அது: குழாயைப் பெரிதாகவும் நேராகவும் போடு, பம்பைச் சிறிதாக்கு. எந்திரங்களை முதலில் நிறுத்திவிட்டுக் குழாயை வளைத்து வளைத்து இழுப்பதற்குப் பதில், அவர் குழாய்களை முதலில் வரைந்து, எந்திரங்களை அவற்றுக்கு ஏற்ப நகர்த்தினார். 95 குதிரைத்திறன் தேவைப்பட்ட இடத்தில் 7 போதுமானதாக இருந்தது. விசிறிக்கும் இப்படி ஒரு விதி உண்டு: வேகத்தை எண்பது சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் பாதியாகும்.

இவ்வளவு எளிதென்றால் ஏன் எல்லோரும் செய்வதில்லை? ஆலோசகரின் கூலி பல இடங்களில் எந்திரத்தின் விலையில் இத்தனை சதவீதம் என்று பேசப்படுகிறது. நூறு டன்னை நாற்பதாக்கினால் அவர் கூலியும் நாற்பதாகும். கூடுதலாக யோசித்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. பெரியதாகப் போட்டால் யாரும் புகார் சொல்வதில்லை; சரியாகப் போட்டு ஒரு மதியம் வியர்த்தால் பழி அவர்மேல். இந்த ஏற்பாட்டை மாற்றாமல் பொறியாளர்களுக்கு உபதேசம் செய்வதில் பயனில்லை.

பெருமாட்டியில் ஒரு குடும்ப ஆரோக்கிய மையம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். கூரைக் காப்பு, இரட்டைக் கதவுச் சன்னல், விசிறி, ஆய்வுக்கூடத்துக்கும் மருந்தறைக்கும் மட்டும் ஏசி என்பதுவரை சிரமமில்லை. காய்ச்சலோடும் இருமலோடும் வருகிறவர்கள் எங்கே காத்திருப்பது? காற்று போகும் திசையில், கட்டடத்தின் கடைசியில் திறந்த திண்ணை போடு என்பது பொது விதி. அவர்கள் மூச்சு மற்றவர்மேல் படாது. ஜூனில் அந்த விதிப்படி கிழக்கு முனை சரி. தை மாதத்தில் கிழக்கன் காற்று கிளம்பியதும் அதே திண்ணையிலிருந்து இருமல் முழுவதும் நேராகப் பிரசவ அறைக்கும் தடுப்பூசி வரிசைக்கும் போகும். ஆகவே அந்தத் திண்ணை கிழக்கிலும் வரக்கூடாது, மேற்கிலும் வரக்கூடாது. கட்டடத்திலிருந்து விலகி வடக்கே தனிக்கூரையில், இரண்டு பருவக் காற்றுக்கும் குறுக்கே, மருத்துவர் பார்க்கும் சன்னல் மட்டும் நடுவில் இருக்கும்படி அது அமைய வேண்டும். அதற்கு மனையில் வடக்குப் பக்கம் பதினைந்து அடி இடம் விட்டாக வேண்டும். வானம் தோண்டிய பிறகு அந்த இடம் கிடைக்காது.